உள்ளிருந்து ஒலிக்கும் எச்சரிப்பு – கேட்பவர் யார்?



மும்பை தாராவியில் 35 ஆண்டுகள் தோல் பட்டறையில் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, முதிர்வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள தம் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிய ஒரு பெரியவரை நான் அறிவேன். மும்பையில் இருந்த நாட்களிலேயே அவருக்கு இருதயத்துடிப்பு குறைந்து, பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தது. ஊருக்குச் சென்றபின் நான்கு ஆண்டுகள் அந்தக் கருவியை எவரும் பரிசோதிக்கவில்லை. "கருவிதான் வைத்தாயிற்றே, இனி என்ன பயம்?" என்று குடும்பத்தார் அனைவரும் இருந்துவிட்டார்கள்.

பின்பு மெல்ல மெல்லக் களைப்பு தொடங்கியது. ஆலயத்துக்கு நடந்து செல்லும்போது இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். தலை சுற்றியது. "வயதாகிவிட்டது" என்றார் ஒருவர். "சர்க்கரை குறைந்திருக்கும்" என்றார் மற்றொருவர். ஒருநாள் அதிகாலையில் கிணற்றடியில் விழுந்துவிட்டார்.

மருத்துவமனையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "இது எந்தக் கம்பெனிக் கருவி? எந்த வருஷம் வைத்தது? அட்டை எங்கே?" என்பதுதான். உடனிருந்த எவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த அட்டை மும்பையில் மூத்த மகன் வீட்டு டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் நடுவே கிடந்தது. கடைசியில் எக்ஸ்-ரே படத்தில் கருவியின்மேல் தெரிந்த அடையாளத்தைக் கொண்டு அதன் வகையைக் கண்டறிந்து, அதற்குரிய கணினியை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். அப்போதுதான் உண்மை புலப்பட்டது. பேட்டரி தீரும் தறுவாயை அடைந்திருந்தது. மிச்சமிருந்த சக்தியைக் காப்பாற்றிக்கொள்ளக் கருவி தன் வேலையைச் சுருக்கிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் பல வாரங்களுக்கு முன்னரே தன்னுள் பதிவுசெய்தும் வைத்திருந்தது.

கருவி பேசிக்கொண்டுதான் இருந்தது, பிரியமானவர்களே. கேட்பதற்கு ஆளில்லை.

தேவனுடைய கிருபையால் புதிய கருவி பொருத்தப்பட்டு அந்தப் பெரியவர் நலமடைந்தார். ஆயினும் அந்த நிகழ்ச்சி என் மனதை விட்டு அகலவில்லை. நம் சபைகளில் இன்று பேஸ்மேக்கர் வைத்திருப்போர் பலர். நாளை அதனிலும் நுட்பமான கருவிகளைச் சரீரத்துக்குள் வைக்கும்படி மருத்துவர்கள் நம்மிடமும் கேட்கக்கூடும். அவை என்ன செய்கின்றன, என்ன செய்யமாட்டா, நம்மிடம் எதை எதிர்பார்க்கின்றன என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

சென்சார் என்பது என்ன?

சென்சார் என்பது உணர்ந்து தெரிவிக்கும் கருவி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வெப்பத்தை உணர்ந்து காட்டுகிறது. அதுபோலவே இருதயத்தின் மின்னோட்டம், இரத்தக்குழாயின் அழுத்தம், சர்க்கரையின் அளவு, மூளையின் அலைகள் ஆகியவற்றை உணரும் சிறு கருவிகளைச் சரீரத்துக்குள்ளேயே வைக்கும் முறைகள் இன்று உள்ளன. இவற்றுள் சில உணர்ந்ததைத் தெரிவிப்பதோடு நின்றுவிடும். வேறு சில, உணர்ந்த மாத்திரத்தில் தாமே சிகிச்சையும் அளிக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷூ பாலிஷ் டப்பாவில் வார்த்த கருவி

இந்தக் கதை சுவீடன் தேசத்தில் தொடங்குகிறது. ஆர்னே லார்சன் என்னும் 43 வயது மனிதருக்கு ஒரு நோய்த்தொற்றின் விளைவாக இருதயத்தின் மின்னோட்டப் பாதை தடைப்பட்டது. நாளொன்றுக்குப் பலமுறை துடிப்பு நின்று மயங்கி விழுவார். அவருடைய மனைவி எல்சே மேரி, இருதயத்தைத் தூண்டும் மின்கருவிகள் விலங்குகளில் சோதிக்கப்படுவதைக் கேள்விப்பட்டு, அறுவைச் சிகிச்சை நிபுணர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் நெருக்கினார். மனிதருக்குள் வைக்கத்தக்க கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவர்கள் சொல்லியும் அவர் விடவில்லை. அவருடைய விடாமுயற்சியின் பலனாக, 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில், உலகிலேயே முதன்முறையாக ஒரு மனிதனின் சரீரத்துக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. மின்பாகங்களை ஒரு ஷூ பாலிஷ் டப்பாவில் வைத்துப் பிசின் ஊற்றி வார்த்திருந்தார்கள்.

முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. ஆனால் லார்சன் நிற்கவில்லை. வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு மாற்றி வைக்கப்பட்டன. தமக்குக் கருவி செய்த பொறியாளரும், அதைப் பொருத்திய மருத்துவரும் மறைந்த பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார். 2001 டிசம்பரில் 86-ஆம் வயதில் அவர் மரித்தது புற்றுநோயால். இருதய நோயால் அல்ல.

அந்த முதல் கருவிக்கு உணரும் ஆற்றல் கிடையாது. இருதயம் தானாகத் துடித்தாலும் துடிக்காவிட்டாலும், கடிகாரம்போல ஒரே சீராகத் தூண்டிக்கொண்டிருக்கும். 1960-களில் வந்த அடுத்த தலைமுறைக் கருவிகளே முதலில் கவனித்து, பின்பு செயல்படக் கற்றுக்கொண்டன. இன்றைய பேஸ்மேக்கர் இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் கவனிக்கிறது. இருதயம் தானாகத் துடித்தால் பேசாமல் காத்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டும் ஒரு மெல்லிய மின்தூண்டலைக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் இருதயத்தின் அருகில் அது ஓயாமல் விழித்திருக்கிறது. பல கருவிகளில் அசைவை உணரும் சென்சாரும் உண்டு. நீங்கள் படியேறினால் அது துடிப்பை உயர்த்தும், உட்கார்ந்தால் தாழ்த்தும். 2016-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த ஒரு வகைப் பேஸ்மேக்கருக்கு ஒயரே இல்லை. ஏறக்குறைய 2 கிராம் எடையுள்ள மாத்திரைக்குப்பி அளவிலான அந்தக் கருவி, தொடை இரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கப்படுகிறது.

ஒரு நண்பரின் மரணம் தந்த கருவி

பேஸ்மேக்கர் துடிப்பு குறைந்தவர்களுக்கானது. துடிப்பு திடீரென்று தறிகெட்டு ஓடி, சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் நிலையும் உண்டு. அதற்கான கருவியை ஐ.சி.டி. என்பார்கள். ஆபத்தான துடிப்பை அது உணர்ந்ததும் தானே மின்அதிர்ச்சி கொடுத்து இருதயத்தைச் சீராக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. 1924-இல் போலந்தின் வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-இல் போர் மூண்டபோது பதினைந்து வயதில் வீட்டை விட்டுத் தப்பியோடினார். அவருடைய குடும்பத்தார் எவரும் அந்தப் போரில் பிழைக்கவில்லை. தேசம் தேசமாக அலைந்து மருத்துவரானார். இஸ்ரவேல் தேசத்தில் பணியாற்றியபோது, அவருக்கு ஆசானும் நண்பருமாயிருந்த மருத்துவர் ஹாரி ஹெல்லர் 1966-இல் இருதயத் துடிப்புக் கோளாறினால் திடீரென மரித்தார். இத்தகைய நோயாளியை வாழ்நாள் முழுவதும் மருத்துவமனையில் வைத்திருக்க முடியாது. ஆகவே மருத்துவமனையின் அதிர்ச்சிக் கருவியை நோயாளியின் சரீரத்துக்குள் வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி எண்ணினார். சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்து, மார்ட்டன் மவர் என்னும் மருத்துவரோடு சேர்ந்து உழைத்தார். 1980 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு, வீடிழந்து வந்த இந்த மனிதரின் உழைப்பு நினைத்துப் பார்க்கத்தக்கது.

காரணம் தெரியாத மயக்கம்

சிலர் திடீரென்று மயங்கி விழுவார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுக்கும்போது எல்லாம் சரியாயிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் விழுவார்கள். இருதயம் தவறு செய்யும் நேரத்தில் அருகில் ஈ.சி.ஜி. இயந்திரம் இருப்பதில்லை என்பதே இதிலுள்ள சங்கடம். இதற்காக மார்புத் தோலின்கீழ் வைக்கப்படும் ஒரு சிறு பதிவுக்கருவி உண்டு. விரல்நுனி அளவேயுள்ள இது மூன்று ஆண்டுகள் வரையிலோ அதற்கு மேலோ இருதயத் துடிப்பை இரவும் பகலும் கவனித்துப் பதிவுசெய்யும். இது சிகிச்சை எதுவும் செய்யாது. சாட்சி மட்டுமே சொல்லும்.

அந்தச் சாட்சியின் மதிப்பை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காரணம் கண்டறிய இயலாத பக்கவாதம் வந்த 441 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இந்தக் கருவியை வைத்தார்கள். மறு பிரிவினரை வழக்கமான முறையில் கவனித்தார்கள். பக்கவாதத்துக்குக் காரணமாகக்கூடிய ஒருவகைத் துடிப்புக் கோளாறு ஓராண்டில் கருவி வைத்தோரில் 12.4 சதவீதத்தினரிடம் வெளிப்பட்டது. மறு பிரிவில் 2 சதவீதத்தினரிடம் மட்டுமே அது கண்டறியப்பட்டது. கண்டறிந்தால், இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்து அடுத்த பக்கவாதத்தைத் தடுக்க முயலலாம்.

550 பேர் தந்த பாடம்

இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுவே.

இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரும். மருத்துவமனையில் சேர்ப்பார்கள், நீர் வடிந்ததும் அனுப்புவார்கள், சில மாதத்தில் மறுபடியும் சேர்ப்பார்கள். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் பல நாட்கள் முன்னதாகவே, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அழுத்தம் உயரத் தொடங்கிவிடுகிறது. அந்த அழுத்தத்தை உணரும் கார்டியோமெம்ஸ் என்னும் சென்சாரை, அட்லாண்டா நகரில் இருதய மருத்துவர் ஜெய் யாதவும் பொறியியல் பேராசிரியர் மார்க் ஆலனும் உருவாக்கினார்கள். அதற்குப் பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. நோயாளி தினந்தோறும் ஒரு விசேஷத் தலையணையின்மேல் சற்று நேரம் படுத்தால், தலையணை அனுப்பும் ரேடியோ அலை சென்சாருக்குச் சக்தியளிக்கும். அழுத்தத்துக்குத் தக்கபடி சென்சாரின் அதிர்வெண் மாறும். அந்த அளவு மருத்துவருக்குச் சென்று சேரும்.

இதைச் சோதிக்க அமெரிக்காவில் 550 நோயாளிகளைத் தெரிந்துகொண்டார்கள். 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. கவனியுங்கள்: 550 பேருக்கும் சென்சார் வைக்கப்பட்டது. 550 பேருமே வீட்டில் அளவு எடுத்தார்கள். வேறுபாடு ஒன்றே. 270 பேரின் அளவுகளை மருத்துவர்கள் பார்த்து, அழுத்தம் உயர்ந்தபோதெல்லாம் மருந்தை மாற்றியமைத்தார்கள். மற்ற 280 பேரின் அளவுகள் மருத்துவர்களுக்குக் காட்டப்படவில்லை. அவர்களுக்கு வழக்கமான சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்தில், அளவுகள் கவனிக்கப்பட்டவர்கள் இருதயப் பலவீனத்துக்காக மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதம் குறைவாயிருந்தது.

ஒரே கருவி, ஒரே தலையணை. ஒரு பக்கத்தில் கேட்பவர் இருந்தார், மறுபக்கத்தில் இல்லை. 28 சதவீத வேறுபாடு அதனால் வந்தது. சென்சார் தானாக எவரையும் குணமாக்குவதில்லை. அது சொல்வதைக் கேட்டு, அதன்படி செய்கிற மனிதரே பலனைக் கொண்டுவருகிறார்.

இந்தக் கருவி விலை மிகுந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அது வாய்க்காது. ஆனால் அந்தப் பாடம் நமக்கும் வாய்க்கும். இருதயப் பலவீனம் உள்ளவர் வீட்டில் ஓர் எடை பார்க்கும் இயந்திரம் போதும். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், உணவுக்குமுன் எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது கொழுப்பு அன்று, நீர். மூச்சு வாங்கும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கும் மூளைக்கும்

சர்க்கரை வியாதியுள்ளோர் புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மெல்லிய இழை மட்டுமே தோலுக்குள் செல்லும். ஓரிரு வாரங்களில் மாற்றவேண்டும். 2018-இல் அமெரிக்க அரசு, தோலுக்குள் முழுவதுமாக வைக்கும் சர்க்கரைச் சென்சாரை முதன்முறையாக அனுமதித்தது. தொடக்கத்தில் அது 90 நாட்களுக்கானது. 2024-இல் ஓராண்டு உழைக்கும் வகை அனுமதி பெற்றது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது, புஜத்தின்மேல் அணிந்திருக்கும் கருவி அதிர்ந்து தூங்குபவரையும் எழுப்பும்.

மூளையிலும் இப்பணி தொடங்கிவிட்டது. காக்காய்வலிப்பு தொடங்கும் அலையை உணர்ந்து உடனே அதை அடக்க முயலும் கருவி 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கைநடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்தூண்டல் கொடுக்கும் முறை 1980-களின் இறுதியில் பிரான்சில் தோன்றியது. நோயாளியின் மூளை அலைகளைத் தானே கவனித்து, தூண்டலைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் வகை அமெரிக்காவில் 2025-இல் அனுமதிக்கப்பட்டது.

விசுவாசிகளின் இரண்டு கேள்விகள்

மருத்துவமனை வராந்தாவில் குடும்பத்தார் ஊழியரைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. அவற்றைத் தள்ளிவிடாமல் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"பாஸ்டர், சரீரத்துக்குள்ளே சிப் வைக்கச் சொல்கிறார்களே, இது அந்திக்கிறிஸ்துவின் முத்திரை ஆகிவிடாதா?" என்பது முதலாவது. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2004-இல் அமெரிக்காவில் வெரிசிப் என்னும், அரிசி அளவிலான ஒரு சிப்பைக் கைத்தோலுக்குள் வைக்க அனுமதி தரப்பட்டது. அதற்குள் இருந்தது ஓர் அடையாள எண் மட்டுமே. அது எதையும் உணரவில்லை, எந்த நோய்க்கும் சிகிச்சை அளிக்கவில்லை. 2010-இல் அதன் விற்பனையும் நின்றுபோயிற்று. ஆயினும் அதைச் சுற்றி எழுந்த அச்சம் நிற்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் கூறும் முத்திரை, வணக்கத்தோடும் வாங்கி விற்கும் உரிமையோடும் பிணைக்கப்பட்டது. யாரை வணங்குகிறாய் என்பதே அங்குள்ள கேள்வி. பேஸ்மேக்கர் எவரையும் வணங்கும்படி கேட்பதில்லை. தடுமாறும் இருதயத்துக்குத் தாளம் எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. பயத்தினிமித்தம் அதை மறுத்து ஒரு தாயோ தகப்பனோ மரிக்க நேர்ந்தால், அந்தப் பொறுப்பு பயத்தைப் பரப்பியவர்கள்மேலும் விழும்.

"கருவி வைத்தால் அது அவிசுவாசம் ஆகாதா?" என்பது இரண்டாவது. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், கர்த்தர் கேட்டார், ஆயுளைக் கூட்டினார். அதே அத்தியாயத்தில் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் போடச் சொன்னதையும் வாசிக்கிறோம். ஜெபமும் மருந்தும் அங்கே சண்டையிட்டுக்கொள்ளவில்லை. நாமும் அவற்றைச் சண்டையிட வைக்கவேண்டாம்.

கருவியின் எல்லைகள்

அவிசுவாசம் என்று மறுப்பது ஒரு தவறென்றால், கருவியையே தேவனாக்கிக்கொள்வது மற்றொரு தவறு. அதன் எல்லைகளை அறிந்திருங்கள்.

தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியுள்ள கருவிகள் உண்டு. வீட்டிலுள்ள சிறு பெட்டியோ கைப்பேசியோ செய்தியை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். ஆனால் அது ஆம்புலன்ஸ் அல்ல. இரவில் சென்ற எச்சரிப்பை மறுநாள் அலுவல் நேரத்தில்தான் ஒருவர் திறந்து பார்க்கலாம். மார்பு வலித்தால், மயங்கினால், கருவி பார்த்துக்கொள்ளும் என்று இராமல் 108-ஐ அழையுங்கள்.

கம்பியில்லாத் தொடர்புள்ள கருவிக்குள் தீயோர் நுழையக்கூடுமோ என்ற கேள்வியும் உண்மையானதே. அமெரிக்கத் துணை ஜனாதிபதியாயிருந்த டிக் செனியின் கருவியில் கம்பியில்லாத் தொடர்பை 2007-இல் அவருடைய மருத்துவர்கள் நிறுத்திவைத்தார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைப் பாதுகாப்புக்காகத் திருத்தும்படி அறிவிப்பு வந்தது. அதனால் நோயாளி எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக அறிக்கையில்லை. "என் கருவிக்கு மென்பொருள் திருத்தம் ஏதும் உண்டா? என் விவரங்களை யார் பார்க்கிறார்கள்?" என்று பரிசோதனைக்குப் போகும்போது கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்றை மிகுந்த மனபாரத்தோடு எழுதுகிறேன். தீராத நோயினால் ஒருவர் கர்த்தருடைய சமுகத்துக்குச் செல்லும் கடைசி மணி நேரங்களிலும், ஐ.சி.டி. தன் கடமையைச் செய்ய எண்ணி அதிர்ச்சி மேல் அதிர்ச்சி கொடுக்கக்கூடும். அது மரிப்பவருக்கு வேதனை. சுற்றி நின்று பாடி ஜெபிப்பவர்களுக்குத் திகில். அதிர்ச்சி தரும் பகுதியை மட்டும் மருத்துவர்கள் அறுவையின்றி நிறுத்திவைக்க முடியும். இது உயிரை எடுப்பது அல்ல. இயல்பாக வரும் முடிவை வேதனையின்றி வரவிடுவது. நோயாளி தெளிவோடு பேசக்கூடிய நாட்களிலேயே குடும்பமாக அமர்ந்து மருத்துவரோடு இதைப் பேசிக்கொள்வது நல்லது.

ஊர்விட்டு ஊர் வாழும் நமக்கு

மும்பையில் சிகிச்சை, பெங்களூரில் மகள், கோடைவிடுமுறைக்குத் தூத்துக்குடி என்று வாழ்கிறவர்கள் நாம். ஒரே மருத்துவரிடம் வாழ்நாள் முழுவதும் செல்லும் பாக்கியம் நமக்கில்லை. ஆகவே கருவி வைத்துள்ளோர் குடும்பத்துக்குச் சில ஆலோசனைகள்:

1. கருவியோடு தரப்படும் அட்டையில் கம்பெனியின் பெயர், மாதிரி எண், பொருத்திய தேதி, மருத்துவமனை ஆகியவை இருக்கும். நோயாளி அதை எப்போதும் தம் பர்ஸில் வைத்திருக்கட்டும். அதன் படம் குறைந்தது இரண்டு பிள்ளைகளின் கைப்பேசியில் இருக்கட்டும்.

2. பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். பேஸ்மேக்கருக்கு 3 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், ஐ.சி.டி.க்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்வதே உங்களுக்குக் கணக்கு. "பேட்டரி இன்னும் எத்தனை காலம் வரும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஊர் மாறுமுன், போகும் ஊரில் அந்தக் கருவியைப் பரிசோதிக்கும் மருத்துவமனை எது என்று விசாரித்து, மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 2018-இல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்கள், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் வேறு மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம்.

4. கைப்பேசியைக் கருவி உள்ள பக்கத்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். 15 சென்டிமீட்டராவது விலகியிருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆலயத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின்மேல் சாய்ந்து நிற்கவேண்டாம். அதற்குள் வலிய காந்தம் உண்டு. காந்தம் நெருங்கினால் கருவியின் செயல் தற்காலிகமாக மாறக்கூடும்.

5. ஆர்க் வெல்டிங் வேலை செய்யும் சகோதரர்கள், மருத்துவரிடம் கேட்டறியாமல் வேலைக்குத் திரும்பக்கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்குமுன் கருவி உண்டென்று கட்டாயம் சொல்லவேண்டும். விமான நிலையத்தில் அட்டையைக் காட்டுங்கள்.

6. ஐ.சி.டி. ஒருமுறை அதிர்ச்சி கொடுத்து, நலமாக உணர்ந்தால் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மறுபடியும் அதிர்ச்சி கொடுத்தாலோ, நலமின்றி உணர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

7. குடும்பத்தில் ஒருவரை இதற்கென்று பொறுப்பாக்குங்கள். எல்லாருக்கும் பொதுவான வேலை எவருக்கும் உரிய வேலையாவதில்லை.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தனியே வாழும் முதியோர் நம் நடுவில் இருக்கிறார்கள். மகன் வளைகுடா நாட்டில், மகள் புனேயில். வீடு சந்திக்கச் செல்லும்போது ஜெபித்துவிட்டு எழும்புமுன், "அம்மா, கருவியைப் பரிசோதிக்கும் தேதி என்றைக்கு? கூட யார் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். ஆளில்லையென்றால் ஒரு வாலிபனைத் துணைக்கு அனுப்புங்கள். ஆட்டோவில் ஒரு மணி நேரம், வரிசையில் இரண்டு மணி நேரம். ஒரு உயிருக்கு அது பெரிய விலையல்ல.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரின் அட்டை இப்போது டிரங்குப் பெட்டியில் இல்லை. அவருடைய வேதாகமத்தின் உறைக்குள் இருக்கிறது. பரிசோதனைத் தேதி வந்தால் மும்பையிலிருந்து மகன் தொலைபேசியில் நினைவூட்டுகிறார். ஊரிலுள்ள பேரன் பேருந்தில் உடன் செல்கிறான். கருவி முன்பு சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறது. இப்போது கேட்பதற்கு ஆளுண்டு.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தால், இந்த மாதப் பத்திரிகையை மூடிவைக்குமுன் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். கடைசியாகப் பரிசோதித்த தேதி எது? அது நினைவில் இல்லையென்றால், நாளைக் காலையில் செய்யவேண்டிய முதல் காரியம் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

கர்த்தர் தாமே உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நல்ல சுகத்தையும், கேட்கிற செவியையும் தந்தருள்வாராக. ஆமென்.